குமாஸ்தா வேலைக்குக் கல்லூரி இருக்கிறதா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

"அக்கா, எனக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு அம்பாசமுத்திரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ், டைப்பிங் கடையில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். வக்கீல்மார் கொண்டுவரும் மனு, அபிடவிட் எல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன். இந்த வேலையை முறையாகப் படித்துவிட்டு ஒரு வக்கீல் ஆபீஸில் சேர வேண்டும் என்று ஆசை. கனடாவில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி காலேஜில் இரண்டு வருஷம் 'லா கிளார்க்' படிப்புப் படித்து நல்ல வேலையில் இருக்கிறாள். இங்கே அப்படி ஒரு படிப்பு உண்டா? ஒரு இன்ஸ்டிட்யூட்டில் 'லீகல் அசிஸ்டென்ட் டிப்ளமோ' ஆறு மாதம், 38,000 ரூபாய், முடித்தால் கோர்ட்டில் வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டலாமா? இல்லை, ஒரேயடியாக வக்கீலுக்கே படித்துவிடலாமா? அம்மாவோ, 'கோர்ட்டு வாசல்ல நிக்கவா உன்னப் படிக்க வச்சேன்' என்கிறாள்."

அன்புள்ள தங்கைக்கு,

அவசரமான கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 38,000 ரூபாயைக் கட்ட வேண்டாம். கோர்ட்டில் வேலை வாங்கிக் கொடுக்கும் அதிகாரம் எந்தத் தனியார் இன்ஸ்டிட்யூட்டுக்கும் கிடையாது. நீதிமன்றத்துக்குள் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிளார்க், நாசர், நகல் பிரிவில் இருப்பவர்கள், சம்மன் கொண்டுபோகும் அமீனா எல்லோரும் அரசு ஊழியர்கள். இளநிலை உதவியாளர், தட்டச்சர் வேலைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத வேண்டும். நகல் பரிசோதகர், நகல் வாசிப்பாளர், கட்டளை நிறைவேற்றுநர் மாதிரியான வேலைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றமே அறிவிப்பு வெளியிட்டுத் தேர்வு வைக்கிறது. வக்கீல் குமாஸ்தா இந்த வரிசையில் வருகிறவர் இல்லை. அவர் வக்கீலிடம் வேலை பார்க்கிறவர், சம்பளம் கொடுப்பதும் வக்கீல்தான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் 'கோர்ட் வேலை' என்று பொதுவாகச் சொல்லிப் பணம் கேட்கிற இடத்தில் வேறு எதை நம்பிச் சேர்வது?

உங்கள் சொந்தக்காரப் பெண் படித்தது உண்மையான படிப்புதான். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கல்லூரிகளில் இரண்டு வருஷ டிப்ளமோவாக அதை நடத்துகிறார்கள். வீடு, நிலம் கைமாறும்போது தயாரிக்க வேண்டிய பத்திரங்கள், சிவில் வழக்கின் நடைமுறை, உயில், இறந்தவர் சொத்தைப் பிரித்துக் கொடுப்பது, கம்பெனிப் பதிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாடமாகச் சொல்லித்தருகிறார்கள். பல கல்லூரிகளில் படிப்பின் கடைசியில் ஒரு வக்கீல் ஆபீஸில் சில வாரம் உட்கார்ந்து வேலை பழகவும் வேண்டும். முடித்தவர் வக்கீலின் மேற்பார்வையில் வேலை பார்க்கலாம், தனியாக வழக்கு நடத்த முடியாது. அங்கே 'பாராலீகல்' என்பது வேறு பிரிவு. 2007-லிருந்து அவர்களுக்குத் தனி உரிமம் உண்டு, சில வகைச் சின்ன வழக்குகளில் அவர்களே ஆஜராகலாம். நம் ஊரில் அந்த மாதிரி உரிமம் எதுவும் இல்லை.

இன்னொரு சொல் குழப்பமும் இருக்கிறது. நம் நாட்டில் 'லா கிளார்க்' என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ விளம்பரம் கொடுத்தால், அது நீதிபதிக்குத் தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பு எடுத்துக் கொடுக்கும் வேலை. சட்டப் பட்டம் முடித்தவர்களுக்கானது. பெயரைப் பார்த்துவிட்டு விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாற வேண்டாம்.

அப்படியானால் நம் ஊரில் குமாஸ்தா வேலைக்குக் கல்லூரி உண்டா என்றால், 'இதைப் படித்தவர்தான் குமாஸ்தா ஆகலாம்' என்று எந்தப் படிப்பும் இல்லை. உதவுகிற படிப்புகள் சில இருக்கின்றன, சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த வேலை என்னவென்று ஒரு தடவை கிட்டே போய்ப் பார்த்துவிடுவோம். நீங்கள் இரண்டு வருஷமாக அடித்துக் கொடுத்த காகிதங்கள் கடையை விட்டுப் போன பிறகு என்ன ஆகின்றன என்று நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். குமாஸ்தாவின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

டைப்பிங், ஃபைலிங், வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீல் பின்னால் போவது எல்லாம் வெளியே தெரிகிற வேலை. உள்ளே இருக்கிற வேலை தேதிதான்.

ஒரு செக் கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு அரிசிக்கடைக்காரருக்கு ஒருவர் செக் கொடுக்கிறார். செக்கின் தேதி பிப்ரவரி 15. மூன்று மாதத்துக்குள் அதைப் பேங்கில் போட வேண்டும். போட்டார், பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. அந்தத் தகவல் கடைக்காரர் கைக்கு வந்தது மார்ச் 10. அதிலிருந்து 30 நாளைக்குள், அதாவது ஏப்ரல் 9-க்குள், வக்கீல் நோட்டீஸ் போயாக வேண்டும். ஏப்ரல் 2 அன்று அனுப்பினோம், எதிர்த்தரப்பு ஏப்ரல் 5 அன்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. பணம் கொடுக்க அவருக்கு 15 நாள் உண்டு, ஏப்ரல் 20 வரை. கொடுக்கவில்லை. 21-ஆம் தேதி நமக்கு வழக்குப் போடும் உரிமை பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதம், மே 21.

இங்கேதான் புது ஆள் தடுக்கி விழுவது. மே மாதம் கோர்ட் விடுமுறைதானே, ஜூனில் கோர்ட் திறக்கிற அன்று போட்டால் போதும் என்று நினைத்துவிடுவார். கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கிற நாளில் தாக்கல் செய்யலாம் என்பது சட்டம்தான். ஆனால் கோடை விடுமுறை சிவில் கோர்ட்டுக்கு. செக் கேஸ் போகிற மாஜிஸ்திரேட் கோர்ட் மே மாதமும் திறந்திருக்கும். ஜூனில் போனால் வழக்கு காலங்கடந்தது. தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டு. கேட்கலாம், அது கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, தேதிக்குத் தேதி சாட்சிக் காகிதம் வேண்டும் என்பது. பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோ, நோட்டீஸின் ஆபீஸ் காப்பி, தபால் ரசீது, கையெழுத்தாகித் திரும்பி வந்த ஒப்புகை அட்டை. தபால் ரசீதில் மை சீக்கிரம் மங்கிவிடும். வாங்கின அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பின் பண்ணி வைக்கிற குமாஸ்தா ஒரு வழக்கையே காப்பாற்றுகிறார்.

நான் ஜூனியராகச் சேர்ந்த ஆபீஸில் ஒரு குமாஸ்தா அண்ணாச்சி இருந்தார். எனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தது சீனியர், வழக்கு நடத்தக் கற்றுக்கொடுத்தது பாதி அண்ணாச்சி. அவர் டைரியில் ஒரு கடைசித் தேதியை இரண்டு இடத்தில் எழுதுவார். உரிய நாளில் சிவப்பு மையில் ஒரு தடவை, அதற்குப் பத்து நாள் முன்னால் நீல மையில் ஒரு தடவை. நீல மையைப் பார்த்த அன்று காலையில் கட்டை எடுத்துச் சீனியர் மேஜையில் வைத்துவிடுவார். "சார், இது பழுத்துட்டு" என்பது மட்டும்தான் அவர் சொல்கிற வார்த்தை. அந்த ஆபீஸில் நான் இருந்த ஏழு வருஷத்தில் சிவப்பு மை நாளன்று ஓடிப்போய் ஃபைல் பண்ணினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் தனியாக ஆபீஸ் வைத்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் கிணற்றுப் பாதை வழக்கு. முன்சீப் கோர்ட்டில் தோற்றுவிட்டோம். சப் கோர்ட்டில் அப்பீல் போட 30 நாள். அப்பீலுக்குத் தீர்ப்பின் சான்று நகல் வேண்டும். நகல் வாங்க ஆகிற காலத்தைக் கணக்கில் கழித்துவிடலாம். இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனால் முழுதாகச் சொல்ல மாட்டார்கள். நகல் மனு கொடுத்ததும் கோர்ட்டில் பக்கத்தைக் கணக்குப் பார்த்து, இத்தனை முத்திரைத்தாள் கட்டு என்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் போடுவார்கள். அந்தத் தேதியிலிருந்து நாம் தாளைக் கட்டாமல் விட்ட நாள்கள் நம் கணக்கில்தான் ஏறும். நகலின் பின்பக்கத்தில் மனு கொடுத்த தேதி, தாள் கேட்ட தேதி, தாள் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி என்று எல்லாம் முத்திரை போட்டு எழுதியிருக்கும். யாரும் மறைக்க முடியாது. புதிதாகச் சேர்ந்த பையன் மனுவை இரண்டாம் நாளே கொடுத்துவிட்டான். பலகையைத் தினமும் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பீல் 11 நாள் தாமதமாகிவிட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்டுத் தனி மனு, அதற்கு எதிர்த்தரப்பின் ஆட்சேபம், வாய்தாமேல் வாய்தா. ஒரு வருஷம் கழித்து மனு அனுமதியானது. அந்த ஒரு வருஷமும் அந்தப் பெரியவர் தன் கிணற்றுக்குப் போக அடுத்தவர் வரப்பில் சுற்றிக்கொண்டு நடந்தார். பையன்மேல் தப்பு இல்லை. சொல்லிக்கொடுக்காத நான்தான் அதற்குப் பொறுப்பு. அதன் பிறகு என் ஆபீஸில் யார் சேர்ந்தாலும் முதல் வாரம் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பலகையைத்தான் காட்டுகிறேன்.

இதனால்தான் எந்தப் படிப்பைப் பற்றி யார் சொன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் என்கிறேன். "இந்த ஆறு மாதத்தில் எத்தனை நாள் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவீர்கள்?" பதில் சரியாக வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, உதவுகிற படிப்புகளைச் சொல்கிறேன். தட்டச்சில் நீங்கள் வேகமாக அடிப்பீர்கள், ஆனால் சான்றிதழ் இருக்கிறதா? தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு இரண்டு தடவை அரசுத் தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது. ஜூனியருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சீனியர் முடித்துவிடுங்கள். கூடவே அதே இயக்ககத்தின் கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழையும் வாங்கிவிட்டால், நாளைக்குக் குரூப் 4 எழுதித் தட்டச்சர் பணிக்குப் போக நினைத்தாலும் இரண்டும் கைகொடுக்கும். கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் பெரும்பாலும் தமிழில் நடக்கிறது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிற காகிதம் ஆங்கிலத்தில் போகிறது. இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் அடிக்கிறவர்களை இங்கே ஆபீஸ் ஆபீஸாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் 'பாராலீகல் பிராக்டிஸ்' டிப்ளமோ என்று ஒன்று உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் தபால் வழியில் படிக்கலாம், குறைந்தது ஒரு வருஷம். சேர்க்கை திறந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள், இடைத்தரகரிடம் போக வேண்டாம். அதை முடித்துவிட்டால் வேலை தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. பிராது என்கிற வழக்கு மனு என்றால் என்ன, எதிருரை எப்போது, ஜாமீன் எந்த வழக்கில் என்று சட்டத்தின் எலும்புக்கூடு மனதில் பதியும். ஆபீஸில் கேட்கிற வார்த்தைகள் அப்புறம் அந்நியமாகத் தெரியாது.

காசு செலவில்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தாலுகா கோர்ட்டுகளில் அதன் வட்டக் குழு. 2009-லிருந்து 'சட்டத் தன்னார்வலர்' என்று உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். இது வேலை இல்லை, பணிக்குப் போகிற நாளுக்கு மட்டும் சின்னதாக மதிப்பூதியம் வரும். ஆனால் லோக் அதாலத் அன்று ஒரு மேஜையில் உட்கார்ந்து பாருங்கள். இன்சூரன்ஸ் கேஸ், பேங்க் கடன், ஜீவனாம்சம் என்று ஒரே நாளில் முப்பது கட்டு உங்கள் கையைக் கடந்து போகும். எந்த வகுப்பறையிலும் அது கிடைக்காது.

இ-ஃபைலிங் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே கைப்பிடி இருப்பது அதில்தான். இப்போது காகிதத்தோடு சேர்த்து எல்லாவற்றையும் பி.டி.எஃப். ஆக்கிக் கணினியிலும் ஏற்ற வேண்டியிருக்கிறது. வயதான குமாஸ்தாக்கள் பலருக்கு இது மலை. பக்க எண் போட்டு, ஆவணம் ஆவணமாகப் பிரித்து, படிக்கிற மாதிரி ஸ்கேன் பண்ணத் தெரிந்தாலே உங்களைக் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடத்தில் ஒரு சி.என்.ஆர். எண் இருக்கும். அதைக் கட்டின் மேலட்டையில் பெரிதாக எழுதிவைக்கப் பழகுங்கள். அடுத்த வாய்தா என்றைக்கு என்று கட்சிக்காரர் போன் பண்ணிக் கேட்டால் இ-கோர்ட்ஸ் செயலியில் அரை நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆனாலும் செயலியை மட்டும் நம்பாமல் பெஞ்சில் சொல்கிற தேதியைக் காதால் கேட்டு டைரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் வழக்கு என்றால் முக்கால்வாசி நிலம்தான். அதனால் வில்லங்கச் சான்று படிக்கக் கற்றுக்கொள்வதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். உங்கள் கடைக்கு வருகிற பத்திரங்களை வெறுமனே ஜெராக்ஸ் எடுக்காமல், சொத்து விவரத்தை மட்டும் கண்ணை ஓட்டிப் பாருங்கள். தாய்ப்பத்திரத்தில் சென்ட் கணக்கு இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். பத்திரத்தில் 50 சென்ட் என்றும் பட்டாவில் 15 ஏர் என்றும் இருந்தால், 13 சென்ட் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்ற வேண்டும். பழைய சர்வே எண், புது சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை இந்த நான்கும் பிராதில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று என்று மாறியிருந்தால் கோர்ட் பிராதைத் திருப்பிவிடும். 'ரிட்டர்ன்' ஆகி வருகிற பிராதுகளில் கோர்ட் எழுதுகிற குறைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கோர்ட் ஃபீஸ் குறைவு, வக்காலத்தில் கையெழுத்து விடுபட்டது, ஆவணப் பட்டியலில் தேதி இல்லை என்று அதில் என்னென்ன எழுதியிருக்கிறதோ அதுதான் இந்த வேலையின் பாடப்புத்தகம்.

எந்த ஆபீஸில் சேர்வது? நீங்கள் பாளையங்கோட்டைக்கு வர நினைக்கலாம். செங்கோட்டை ரயிலில் வந்துபோவது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் முதல் இரண்டு வருஷம் அம்பாசமுத்திரத்திலேயே இருங்கள் என்பேன். பாளையில் கோர்ட்டுகள் அதிகம், பெரிய ஆபீஸ்களில் வேலையும் பிரிந்திருக்கும். ஒருவர் செக் கேஸ் மட்டும், ஒருவர் இன்சூரன்ஸ் மட்டும் பார்ப்பார். அம்பை மாதிரி இடத்தில் காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட், பதினொரு மணிக்கு முன்சீப், மத்தியானம் சப் கோர்ட், சாயங்காலம் சார்பதிவாளர் ஆபீஸ் என்று ஒரே ஆள் எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். அகலமாகக் கற்றுக்கொள்ள அதுதான் இடம். உங்கள் கடைக்கு வருகிற வக்கீல்மாரை இரண்டு வருஷமாகப் பார்க்கிறீர்கள். யார் கடைசி நாளன்று ஓடி வருகிறார், யார் ஒரு வாரம் முன்னாலேயே காகிதத்தைக் கொண்டுவருகிறார் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இரண்டாவது ஆளிடம் சேருங்கள்.

சேரும்போது சம்பளத்தைப் பேசிவிட்டுச் சேருங்கள். இதை எங்கள் தொழில்காரர்களும் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். "கட்சிக்காரங்க ஏதாவது குடுப்பாங்க, வச்சுக்கோ" என்று சொல்லி மாதச் சம்பளத்தைக் குறைக்கிற பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. அது குமாஸ்தாவுக்குச் செய்கிற அநியாயம். ஏழைக் கட்சிக்காரரின் மடியில் கைவைக்கச் சொல்வதும் அதுதான். முதல் வருஷம் கைக்கு வருவது ஜவுளிக்கடைச் சம்பளத்தைத் தாண்டாமல் இருக்கலாம், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட தொகையாக, ஆபீஸ் கணக்கிலிருந்து வர வேண்டும். தமிழ்நாட்டில் வக்கீல் குமாஸ்தாக்களுக்கென்று நல நிதிச் சட்டம் 1999-லேயே வந்திருக்கிறது. உங்களைக் குமாஸ்தாவாக முறைப்படி பதிவு செய்து, நிதியிலும் சேர்த்துவிடுவீர்களா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற ஆபீஸ் உங்களுக்கு வேண்டாம்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் கருப்பு கவுன் போட்ட புதிதில் என் அம்மாவும் இதையேதான் கேட்டாள். ஒன்று செய்யுங்கள். சேர்வதற்கு முன்னால் ஒருநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போங்கள். பெண் வக்கீல்கள், கோர்ட் ஊழியர்களில் பெண்கள், சில நாள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதே பெண் நீதிபதி என்பதை அவள் கண்ணால் பார்க்கட்டும். ஆபீஸைப் பொறுத்தவரை, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள், கழிப்பறை இருக்கிறதா, இன்னொரு பெண் வேலை பார்க்கிறாளா என்று மூன்றையும் நேராகக் கேளுங்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் காகிதம் கொண்டுபோகிற வேலையை இருட்டின பிறகு எனக்குக் கொடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவதில் தப்பே இல்லை.

'குமாஸ்தா' என்கிற சொல்லே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவளிடம் இதைச் சொல்லுங்கள். வ.உ.சி. வக்கீல் ஆவதற்கு முன்னால் ஓட்டப்பிடாரம் தாலுகா ஆபீஸில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். சட்டமும் இந்த வேலையைச் சின்னதாக நினைக்கவில்லை. 1872-இன் சாட்சியச் சட்டத்திலேயே, கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் உண்டு என்று 127-ஆம் பிரிவு பெயர் சொல்லி எழுதியது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சாட்சியச் சட்டம் வந்த பிறகும் அந்தக் கடமை அப்படியே தொடர்கிறது.

அந்தக் கடமையைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரும் சின்னது, அம்பையும் சின்னது. காலையில் நீங்கள் அடித்த விவாகரத்து மனுவின் பெண்ணைச் சாயங்காலம் ரயிலில் எதிர் சீட்டில் பார்ப்பீர்கள். வீட்டில் அம்மா கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் கட்சிக்காரரின் காகிதத்தை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. வக்கீலின் போனுக்கு வருகிற இ-ஃபைலிங் ஓ.டி.பி.யை அவருக்குத் தெரியாமல் பயன்படுத்தக் கூடாது. வெற்று வக்காலத்திலோ வெற்றுப் பத்திரத்திலோ கையெழுத்து வாங்கி வைக்கச் சொன்னால், யார் சொன்னாலும் செய்யக் கூடாது. கட்சிக்காரரிடம் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும், அது சம்மன் அனுப்பக் கோர்ட்டில் கட்டுகிற பேட்டாவோ நகல் தாளோ, துண்டுச் சீட்டிலாவது ரசீது எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இப்போதே உங்கள் கடையில் நடப்பதாக நான் ஊகிக்கிறேன். டைப் அடிக்க வருகிறவர்கள் "ஏம்மா, இந்தக் கேஸ் ஜெயிக்குமா? இப்படி எழுதினாப் போதுமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்யாதவர் வக்கீல் தொழில் செய்தால் 1961-இன் வழக்கறிஞர் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. அதைவிட முக்கியம், நீங்கள் நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் தன் கடைசித் தேதியைத் தவறவிட்டுவிடலாம்.

கடைசியாக, வக்கீலுக்கே படிக்கலாமா என்ற கேள்வி. உங்களிடம் பட்டம் இருக்கிறது, மூன்று வருஷச் சட்டப்படிப்பில் சேரலாம். திருநெல்வேலியில் 1996-லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, கட்டணம் தனியார் கல்லூரி மாதிரி இல்லை. தபால் வழியில் எல்.எல்.பி. என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பார் கவுன்சில் அதை ஏற்றுக்கொள்வதில்லை. நேரில் வகுப்புக்குப் போக வேண்டும், வருகைப்பதிவு வேண்டும். அதனால் முழுநேர வேலையையும் படிப்பையும் சேர்த்து ஓட்ட முடியாது. வீட்டில் உங்கள் சம்பளத்தை நம்பி யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் நான் அவசரப்படுத்த மாட்டேன். ஒரு வருஷம் குமாஸ்தாவாக இருங்கள். கட்டைப் படிக்கும்போது 'இதை இப்படி வாதாடியிருக்கலாமே' என்று மனது ஓடினால் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டைச் சரியாக வைத்து, தேதியைக் காப்பாற்றி, அந்தக் காகிதம் கோர்ட்டில் ஏறுவதைப் பார்ப்பதிலேயே மனது நிறைந்தால் குமாஸ்தாவாகவே இருங்கள். முன்சீப் கோர்ட் முதல் மதுரைக் கிளை வரைக்கும் அப்படிப்பட்ட ஆளுக்கு வேலை இருக்கிறது. பேங்குகளுக்குச் சொத்துக் காகிதம் பார்த்துக் கொடுக்கிற ஆபீஸ்களிலும், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் காற்றாலைக்கு நிலம் வாங்குகிற கம்பெனிகளிலும் இப்போது இதே ஆட்களைத்தான் கேட்கிறார்கள்.

இந்த வாரம் கடைக்குப் போகும்போது ஒரு கெட்டி அட்டை டைரி வாங்கிக்கொள்ளுங்கள், சிவப்பு, நீலம் இரண்டு பேனாவும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கோர்ட்டுக்குள் போய் நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையை ஒரு தடவை நின்று படியுங்கள். வக்கீலைப் பார்க்கப் போகும்போது சான்றிதழ்களின் ஜெராக்ஸை மட்டும் கொண்டுபோங்கள். அசலைச் சரிபார்க்கக் காட்டலாம், யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டாம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து அக்கா